இணையத் தேடலும் நிறுத்தக் குறிகளும்

கிராம மக்கள் அரசாங்க அலுவலகங்களோடு நடத்தும் காரியங்களிற் பெரும்பாலானவை எண்களைக் கொண்டே நடைபெறுகின்றன என்பது யாவரும் அறிந்ததே. நிலத்திற்குப் புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் உண்டு. ஆணைக்கு அரசாணை எண்ணும், கடிதத்திற்கு ந.க. எண்ணும் உண்டு. உர மூட்டை, விதைப் பை, பூச்சி மருந்துப் புட்டி ஆகியவற்றிற்கும் அவற்றிற்குரிய எண்கள் உண்டு. இவ்வெண்களில் இலக்கங்கள் மட்டும் இருப்பதில்லை. சாய்கோடும், புள்ளியும், இடைக்கோடும், பிறை அடைப்பும், முக்காற்புள்ளியும் இவற்றினூடே விரவி வருகின்றன. எழுதுகிற எழுத்தருக்கும் படிக்கிற குடியானவருக்கும் இக்குறிகள் பொருளுடையவை. 45/2 என்பது ஒரு நிலம். 452 என்பது முற்றிலும் வேறொரு நிலம்.

இன்று கைப்பேசி இல்லாத வீட்டைக் கிராமங்களிலும் காண்பது அரிது. ஒரு காகிதம் கைக்கு வந்தவுடன் அதிற் கண்ட எண்ணை அப்படியே கைப்பேசியில் தட்டி, இணையத்தில் தேடிப் பார்ப்பது இளைஞர்க்கு மட்டுமன்றி முதியோர்க்கும் வழக்கமாகிவிட்டது. வரவேற்கத்தக்க வழக்கமே. ஆயினும், தேடியது கிடைக்காதபோது அவர்கள் கொள்ளும் முடிவு பல சமயங்களில் பொருந்தாததாகிவிடுகிறது. எங்கள் வட்டாரத்தில் ஒரு குடியானவர் தம் நிலத்தின் புல எண்ணை உட்பிரிவோடு கூகுளில் இட்டுத் தேடினார். எங்கோ வட மாநிலத்து மனை விற்பனை விளம்பரங்கள் வந்தன. இரண்டு ஆட்டக்காரர்களை இழந்து 45 ஓட்டங்கள் எடுத்த ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் கணக்கும் வந்தது. அவருடைய நிலம் மட்டும் வரவில்லை. நிலம் கணக்கில் ஏறவில்லை என்றும், ஏற்றித் தருவதாகவும் சொல்லி ஒரு தரகர் அவரிடம் பணம் கேட்டிருந்தார். பணம் கை மாறுவதற்கு முன்பே அவர் அலுவலகத்திற்கு வந்தது நல்லதாயிற்று. அவருடைய பட்டா ஒழுங்காகவே இருந்தது.

இத்தகைய கலக்கம் ஏன் ஏற்படுகிறது என்பதை அறிய வேண்டுமாயின், தேடுபொறி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். நாம் கேட்ட மாத்திரத்தில் உலகிலுள்ள பக்கங்களையெல்லாம் அது புரட்டிப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே பக்கங்களைத் திரட்டி, அவற்றிலுள்ள வாசகங்களைச் சொல் சொல்லாக வெட்டி, இன்ன சொல் இன்ன பக்கத்தில் இன்ன இடத்தில் வருகிறது என்று ஒரு மாபெரும் அட்டவணை தயாரித்து வைத்துக்கொள்கிறது. பெரிய புத்தகங்களின் கடைசியில் சொல்லடைவு இருக்கிறதல்லவா, அதைப் போன்றது. நாம் தேடும்போது அது பார்ப்பது இந்த அடைவை மட்டுமே.

வாசகத்தைச் சொற்களாக வெட்டுவதற்கு அப்பொறி எல்லையாகக் கொள்வது இடைவெளியையும் நிறுத்தக் குறிகளையுமே. வெட்டி முடிந்ததும், நெல்லைத் தூற்றும்போது பதர் காற்றோடு போவது போல, அக்குறிகள் பெரும்பாலும் கழிந்து போகின்றன. ‘ச.எண். 45/2அ’ என்று நாம் எழுதியது, அடைவில் ‘ச’, ‘எண்’, ‘45’, ‘2அ’ என்று நான்கு துண்டுகளாக நிற்கும். நாம் தேடுகிற தொடரும் அவ்வாறே வெட்டப்படும். ஆகவே 45/2 என்று தேடினாலும், 45-2 என்று தேடினாலும், 45 2 என்று தேடினாலும் பொறிக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கிரிக்கெட் கணக்கு வந்தது இதனால்தான்.

குறிகளை இவ்வாறு கழித்தது தக்க காரணம் பற்றியே. ஒரே செய்தியை மக்கள் ஒரே விதமாக எழுதுவதில்லை. அரசாணை எண்.104 என்று ஒருவர் எழுதுவார். எண்: 104 என்று மற்றொருவர் எழுதுவார். எண் 104 என்று குறியின்றி எழுதுவாரும் உண்டு. குறிகளையெல்லாம் பொறி கண்ணுங்கருத்துமாகக் காத்து நிற்குமானால், ஒருவர் எழுதியதை மற்றொருவர் தேடி எடுக்கவே இயலாது. உரத்தின் பெயரில் இந்த நன்மையைத் தெளிவாகக் காணலாம். தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துக்களின் விழுக்காட்டைக் குறிக்கும் 17:17:17 என்பதைச் சிலர் முக்காற்புள்ளியிட்டும் சிலர் இடைக்கோடிட்டும் எழுதுகின்றனர். குறி கழிந்துவிடுவதால் இரண்டும் ஒருங்கே கிடைக்கின்றன.

ஆனால் எல்லாக் குறிகளும் கழிந்து போவதில்லை. சில குறிகளைத் தேடுபொறி தனக்கிட்ட கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது. இவற்றை அறியாமல் வழங்குவதால் விளையும் தொல்லை முன் சொன்னதினும் பெரிது.

கழித்தற்குறியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு சொல்லுக்கு முன்னே இடைவெளி விட்டு, அக்குறியைச் சொல்லோடு ஒட்டி எழுதினால், ‘இச்சொல் உள்ள பக்கங்கள் எனக்கு வேண்டா’ என்பது பொருள். நம் கைப்பேசித் தட்டச்சில் இடைக்கோடும் கழித்தற்குறியும் ஒன்றே. ஆதலால் ‘மானியம் -2024’ என்று தட்டுகிறவர், 2024 என்னும் எண் காணப்படும் பக்கங்களையெல்லாம் விலக்கிவிடுமாறு தாமே ஆணையிட்டவராகிறார். தாம் விரும்பியதைத் தாமே வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே ஒருவரும் வரவில்லையே என்று காத்திருப்பது போன்றது இது. ‘10 -26 -26’ என்று உரத்தைத் தேடினாலும் இதுவே நேரும். கோடிட வேண்டுமாயின் இருபுறமும் இடைவெளியின்றி 10-26-26 என எழுதுக. அன்றேல் கோட்டை அடியோடு விட்டுவிடுக.

கூட்டற்குறிக்கும் ஒரு காலத்தில் கட்டளை அதிகாரம் இருந்தது. ‘இச்சொல் கட்டாயம் இருத்தல் வேண்டும்’ என்பதற்கு அதைச் சொல்லின் முன் இடுவார்கள். 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கூகுள் நிறுவனம் கூகுள் பிளஸ் என்னும் சமூக வலைத்தளத்தைத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் கூட்டற்குறியின் பழைய வேலையைப் பறித்து, அதனை இரட்டை மேற்கோட்குறியிடம் ஒப்படைத்தது. கூகுள் பிளஸ் பொதுமக்களுக்கு 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. வேலை பறிபோன கூட்டற்குறியை மட்டும் பழைய இடத்தில் அமர்த்தவில்லை. பழைய குறிப்பேடுகளைப் பார்த்துப் பாடம் சொல்லும் சிலர் இன்றும் அக்குறியை இடச் சொல்வதுண்டு, அதனாற் பயனில்லை.

இன்று மிகவும் பயன்படுவது இரட்டை மேற்கோட்குறியே. ஒரு தொடரை அதற்குள் இட்டால், அச்சொற்கள் அவ்வரிசையிலேயே அடுத்தடுத்து வரும் பக்கங்களைப் பொறி தேடும். “தனிநபர் இல்லக் கழிப்பறை” என்று மேற்கோளிட்டுத் தேடினால், கழிப்பறை ஓரிடத்திலும் தனிநபர் வேறோரிடத்திலும் வரும் பக்கங்கள் விலகிவிடும். எண்களுக்கும் இது உதவும். ஆனால் மேற்கோளுக்குள்ளும் நிறுத்தக் குறிகள் அப்படியே காக்கப்படுவதாக எண்ணுதல் கூடாது. மேற்கோளுக்குள் இருக்கும் குறிகளிற் சிலவற்றைத் தங்கள் பொறி இடைவெளியாகவே காண்கிறது என்பதை அந்நிறுவனமே 2022ஆம் ஆண்டில் விளக்கியது. ஆகவே “45/2” என்று மேற்கோளிட்டாலும் 45க்குப் பின் 2 வருகிற பக்கங்கள் கிடைக்குமேயன்றி, நடுவிலே சாய்கோடுதான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

முக்காற்புள்ளிக்கும் சில இடங்களில் கட்டளை அதிகாரம் உண்டு. தளம் என்று பொருள்படும் ‘சைட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதி, முக்காற்புள்ளியிட்டு, இடைவெளியின்றித் தமிழக அரசின் தளமுகவரியாகிய டிஎன்.ஜிஓவி.இன் என்பதையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டினால், அம்முகவரிக்குட்பட்ட பக்கங்களில் மட்டும் தேடல் நடைபெறும். தரகர் பக்கங்களும் விளம்பரப் பக்கங்களும் விலகிப் போவதற்கு இதனினும் எளிய வழி இல்லை. இ-சேவை மையங்களில் பணிபுரியும் இளைஞர்கள் வேறெதனைக் கற்காவிடினும் இவ்வொன்றைக் கற்றுக்கொள்வது நன்று.

குறியைக் கழித்தால் பொருளே கெட்டுவிடும் இடங்களும் உண்டல்லவா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு. கணினி நிரல் எழுதும் மொழிகளில் சி என்பது ஒன்று. சி++ என்பது மற்றொன்று. சி# என்பது வேறொன்று. குறிகளை நீக்கினால் மூன்றும் ஒன்றாகிவிடும். ஆதலால் இவற்றிற்குத் தேடுபொறிகள் தனிச் சலுகை அளித்து, குறியோடு சேர்ந்த முழுச் சொல்லாகவே அடைவில் ஏற்றுகின்றன. நிரல் எழுதுவோர் தொழிலிலேயே பொறியைச் செய்தோரும் இருப்பதால் இச்சலுகை அம்மொழிகளுக்கு விரைவிற் கிடைத்தது போலும்! நம் உட்பிரிவு எண்ணுக்காக அவ்வாறு பரிந்து பேசுவார் அங்கு இல்லை.

இரத்த வகையைத் தேடும்போது குறிகளை நம்புவது தகாது. ஏபி+ என்பதும் ஏபி- என்பதும் குறியொன்றினாலேயே வேறுபடுகின்றன. அவசர காலத்தில் கொடையாளர் பட்டியலைத் தேடுகிறவர் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று சொல்லாகவே எழுதித் தேடுதல் வேண்டும். பட்டியல் தயாரிக்கும் இளைஞர் மன்றத்தாரும் குறியையும் சொல்லையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

இனி, உழவர்களுக்கு நேராகப் பயன்படும் சிலவற்றைக் கூறுவோம். நெல் இரகங்களின் பெயர்களில் எழுத்தும் எண்ணும் அடைப்பும் கலந்து வருகின்றன. ஏ.டி.டி. (ஆர்) 45 என்று ஏடுகளிற் காணப்படுவதை நம் உழவர்கள் ஆடுதுறை 45 என்கிறார்கள். ஆடுதுறையின் பெயரே அந்த மூன்று ஆங்கில எழுத்துக்களில் அடங்கியிருக்கிறது. புள்ளியிட்டு எழுதினால் மூன்று தனித் துண்டுகளாகவும், புள்ளியின்றி ஏடிடி 45 என எழுதினால் ஒரு சொல்லும் ஓர் எண்ணுமாகவும், இடைவெளியுமின்றி ஏடிடி45 என எழுதினால் முற்றிலும் ஒரே சொல்லாகவும் பொறி கொள்ளக்கூடும். ஆகையால் ஒரு வடிவத்தில் கிடைக்காவிடில் மற்றொரு வடிவத்தில் தேடுதல் வேண்டும். கோ 51 போன்றவற்றிற்கோ இன்னுமொரு சங்கடம் உண்டு. ‘கோ’ என்பது மிகச் சிறிய சொல், எங்கும் வரும். அதனோடு ‘நெல் இரகம்’ என்று சேர்த்துத் தேடினாலன்றிப் பயனில்லை. குறியாற் காட்ட இயலாததைச் சொல்லாற் காட்ட வேண்டும் என்பதே இங்குக் கைக்கொள்ள வேண்டிய வழி.

பூச்சி மருந்துகளின் விஷயம் இதனினும் கவலைக்குரியது. இமிடாகுளோபிரிட் என்னும் மருந்து 17.8% எஸ்.எல். என்னும் திரவமாகவும் விற்கப்படுகிறது, 70% டபிள்யூ.ஜி. என்னும் குருணையாகவும் விற்கப்படுகிறது. மருந்தின் பெயரை இட்டுத் தேடினால் இரண்டைப் பற்றிய பக்கங்களும் கலந்தே வரும். 17.8% என்று சேர்த்துத் தட்டினாலும், மேற்கோளிடாதவரையில் அதனைப் பொறி ஒரு குறிப்பாகக் கொள்ளுமேயன்றிக் கண்டிப்பான நிபந்தனையாகக் கொள்ளாது. ஒன்றின் வீரியம் மற்றொன்றினதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஒரு வடிவத்துக்குரிய அளவைப் படித்துவிட்டு மற்றொரு வடிவத்தைத் தெளித்தால், பயிருக்கும் தெளிக்கிறவருக்கும் தேனீக்களுக்கும் தீங்கு நேரும். அல்லது மருந்து போதாமற் பணம் வீணாகும். விழுக்காட்டை மேற்கோளுக்குள் இட்டுத் தேடுவதோடு, திறந்த பக்கத்திலும் அவ்விழுக்காடு சொல்லப்பட்டிருக்கிறதா என்று கண்ணாற் பார்த்தல் வேண்டும். எவ்வாறாயினும் புட்டியோடு வரும் துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்ட அளவே இறுதியானது. இணையத்திற் கண்ட அளவு அதற்கு மாறாக இருந்தால், வேளாண்மை விரிவாக்க மையத்திற் கேட்டறிந்த பின்னரே மருந்தைக் கலக்க வேண்டும்.

அலுவலகக் காகிதங்களுக்கு வருவோம். ‘அரசாணை (நிலை) எண். 104’ என்று ஒரு காகிதத்திற் காணப்பட்டால், அந்த எண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது வீண் வேலை. ஒவ்வொரு துறையும் ஒவ்வோர் ஆண்டும் ஆணைகளுக்கு முதலிலிருந்து எண்ணிடுவதால், 104 என்னும் எண்ணுடைய ஆணை ஊரக வளர்ச்சித் துறையிலும் இருக்கும், வருவாய்த் துறையிலும் இருக்கும். சென்ற ஆண்டிலும் இருக்கும், அதற்கு முந்திய ஆண்டிலும் இருக்கும். (நிலை) என்றும் (2டி) என்றும் அடைப்புக்குள் வருவன ஆணையின் வகையைக் குறிப்பன. அடைப்பைப் பொறி கழித்துவிடினும் உள்ளிருக்கும் சொல் நிற்கும். ஆதலால் அதனை விடாமல் எழுதுதல் நலம். துறையின் பெயர், ஆணையின் நாள், பொருளிலுள்ள இரண்டு மூன்று சொற்கள் ஆகியவற்றோடு சேர்த்துத் தேடினால் ஆணை அகப்படும். நாளைத் தேடும்போதும் எச்சரிக்கை தேவை. 05/06/2023 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கோ மே 6. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் இம்மயக்கம் தீரும்.

சுருக்கப் பெயர்களைப் புள்ளியிட்டு எழுதுவதில் நம் அலுவலகங்களுக்கு நிகர் வேறில்லை. ஊ.ஒ.ந. பள்ளி என்பது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி என்று நமக்குத் தெரியும். தேடுபொறிக்கு அது மூன்று தனி எழுத்துக்களும் ஒரு பள்ளியுமே. என்னைப் போன்றோரின் பதவிப் பெயருக்குப் பின்னாலேயே (கி.ஊ.) என்றும் (வ.ஊ.) என்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கிராம ஊராட்சி, வட்டார ஊராட்சி என்று விரித்து எழுதினால் மை எவ்வளவு செலவாகிவிடும் என்று தெரியவில்லை! பொதுமக்கள் ஒரு சுருக்கப் பெயரைத் தேட நேர்ந்தால், விரிவை யாரிடமேனும் கேட்டறிந்து விரிவையே தேடுக. அரசியலமைப்பில் ஊராட்சிகளின் அதிகாரங்களைச் சொல்லும் 243ஜி என்னும் உறுப்பைச் சிலர் 243-ஜி என எழுதுவதால் அது இரண்டு துண்டாகிவிடுவதும் இத்தகையதே. அங்கும் ‘ஊராட்சிகளின் அதிகாரங்கள்’ என்னும் சொற்களே நம்மைக் கொண்டு சேர்க்கும்.

சொற்களைக் கொண்டு பக்கத்தைக் கண்டபின், குறியோடு கூடிய எண்ணை அப்பக்கத்தினுள்ளே தேடுவதற்கு ஒரு வசதி இருக்கிறது. கணினியில் கண்ட்ரோல் விசையையும் எஃப் விசையையும் சேர்த்து அழுத்தினாலும், கைப்பேசி உலாவியின் மூன்று புள்ளிப் பட்டியலில் பக்கத்துக்குள் தேடுவதைத் தெரிவு செய்தாலும் சிறு கட்டம் ஒன்று தோன்றும். அது அடைவைப் பாராமல் எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால், அங்கே 45/2 என்பது 45/2 ஆகவே மதிக்கப்படும். முந்நூறு பக்க ஆவணமாயினும் நொடியில் அவ்விடத்தைக் காட்டிவிடும். ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. சிறிய இடைக்கோடும் அச்சகத்தார் இடும் நீண்ட கோடும் கணினிக்கு வெவ்வேறு எழுத்துக்கள். தட்டச்சு செய்யும் மென்பொருள் சில வேளைகளில் தானாகவே சிறிய கோட்டை நீண்ட கோடாக்கிவிடும். கோட்டோடு தேடிக் கிடைக்காவிடில், கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை மட்டும் தேடிப் பார்க்க. ஆவணம் வெறும் படமாக இருந்தால் இவ்வசதியும் உதவாது.

முன்னே சொன்ன குடியானவரின் காரியத்தில் இவையெல்லாவற்றிற்கும் மேலான ஒரு காரணமும் இருந்தது. பட்டா விவரங்கள் கூகுள் அடைவிலேயே இல்லை. நிலப் பதிவேடுகள் ஒரு பெட்டகத்துள் இருக்கின்றன. கேட்டாலன்றி அவை பக்கமாக வெளிவருவதில்லை. வெளியே சுற்றித் திரியும் தேடுபொறி அப்பெட்டகத்தைத் திறந்து பார்ப்பதில்லை. தமிழக அரசின் நிலப் பதிவேட்டு இணைய சேவைக்குச் சென்று, மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தெரிவு செய்தல் வேண்டும். அங்கே புல எண்ணுக்கு ஓரிடமும் உட்பிரிவுக்கு வேறோரிடமும் தரப்பட்டிருப்பதால் சாய்கோட்டுக்கு வேலையே இல்லை. சாய்கோட்டையும் சேர்த்து முதற் கட்டத்திலேயே தட்டிவிட்டு, ‘விவரம் இல்லை’ என்று வந்ததும் திரும்பிவிடுகிறவர்கள் பலர். கூகுளில் இல்லை என்பதனால் கணக்கில் இல்லை என்று ஆகிவிடாது என்பதைக் கிராம சபைகளிலும் மகளிர் குழுக் கூட்டங்களிலும் எடுத்துச் சொல்லுதல் அவசியமாயிருக்கிறது. தரகர்களின் பிழைப்பு இந்த மயக்கத்தின்மேல்தான் நடக்கிறது.

இதுவரை கூறியவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழில் எழுதித் தேடுவோர்க்கெனத் தனிச் சில இடர்களும் உள. நம் மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளி, நிறுத்தப் புள்ளி அன்று; எழுத்தின் உறுப்பு. ஆனால் ஆங்கிலத்தை மட்டும் மனத்திற் கொண்டு எழுதப்பட்ட சில நிரல்கள், தமிழின் மெய்ப்புள்ளியையும் கால், கொம்பு முதலியவற்றையும் எழுத்தாகக் கொள்ளாமல் குறியெனக் கொண்டு அவ்விடத்திற் சொல்லை வெட்டிவிடுகின்றன. அத்தகைய நிரலின் கையில் ‘வட்டம்’ என்பது ‘வட’, ‘டம’ என்றாகும். ‘ஊராட்சி’ என்பது ‘ஊர’, ‘ட’, ‘ச’ என்று மூன்றாகச் சிதறும். பெரிய தேடுபொறிகள் தமிழை இப்படி வெட்டுவதில்லை. சிறு அலுவலகங்களுக்காக மலிவாகச் செய்து தரப்படும் மென்பொருள்களில் இக்குறை இருக்கக்கூடும். வாங்குவதற்கு முன் ‘ஊராட்சி’ என்று ஒரு முறை தேடிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் உள்ள எழுத்துக்கள் மற்றோர் இடர். ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஊர்ப் பெயர்களின் முதலெழுத்தை ‘ஸ’ என்பதைக் கொண்டும் உருவாக்கலாம். 2005ஆம் ஆண்டில் ஒருங்குறியிற் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்பதைக் கொண்டும் உருவாக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றும். ஒருவர் ஒரு விதமாகப் பதிவு செய்ததை மற்றொருவர் வேறு விதமாகத் தேடினால் எழுத்தெழுத்தாக ஒப்பிடும் தேடலில் அகப்படாது. ஔவையாரை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டெழுத்தால் தட்டுவதும் இத்தகையதே. பழைய பத்திரங்களில் மேற்படி என்பதற்கு ௸ என்றும், வருடத்திற்கு ௵ என்றும் எழுதுவார்கள். இக்குறிகள் 2003ஆம் ஆண்டில் ஒருங்குறியில் இடம் பெற்றன. முந்திரி முதலான கீழ்வாய்ப் பின்னங்களின் குறிகளோ 2019ஆம் ஆண்டில்தான் இடம் பெற்றன. பழைய பத்திரங்களைக் கணினியில் ஏற்றுவோர் பெரும்பாலும் குறியை விட்டுச் சொல்லையே தட்டுவதால், தேடுவோரும் ‘மேற்படி’, ‘வருடம்’ என்று சொல்லாகவே தேடுதல் பொருந்தும்.

பிறர் எழுதியதைத் தேடுவதைப் பற்றியே இதுகாறும் கூறினோம். நாம் எழுதி வைப்பது நாளைக்குப் பிறரால் தேடி எடுக்கத்தக்கதாக இருக்கிறதா என்பதையும் ஊராட்சிச் செயலர்களும் அலுவலகப் பணியாளர்களும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கணக்குத் தாள் மென்பொருளாகிய எக்செல்லில் புல எண்ணைச் சாய்கோடிட்டுத் தட்டுவது எங்கும் காணும் வழக்கம். 5/2 என்று தட்டினால் அம்மென்பொருள் அதனைப் பிப்ரவரி 5 என்னும் தேதியாக மாற்றிக்கொள்ளும். திருத்தக் கருதி அக்கட்டத்தைச் சாதாரண எண்ணாக மாற்றினால், 2024ஆம் ஆண்டில் தட்டியதாயின் 45327 என்னும் எண் தோன்றும். 1900 முதல் நாட்களை எண்ணும் அம்மென்பொருளின் கணக்கு அது. அதற்குப் பின் 5/2ஐத் தேடினால் எங்கே கிடைக்கும்? பயனாளிகள் பட்டியலில் ஒரு குடியானவரின் நிலம் இவ்வாறு தேதியாகிப் போனால், மானியம் வரும் காலத்தில் அவர் பெயருக்கு நேரே நிலமே இராது. இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழுவினர், மார்ச்1, செப்ட்1 என்னும் மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடுவது பொறுக்க முடியாமல், 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளில் அப்பெயர்களையே மாற்றிவிட்டார்கள். விஞ்ஞானிகளால் மரபணுவின் பெயரை மாற்ற முடிந்தது. நம்மால் புல எண்ணை மாற்ற முடியாது. தட்டுவதற்கு முன்பே அந்நிரல் முழுவதையும் எழுத்து வகையாக அமைத்துவிடுதல், அல்லது எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோட்குறி இடுதல் போதுமானது.

கோப்புகளுக்குப் பெயரிடும்போதும் சாய்கோடு நமக்குப் பகையாகிறது. விண்டோஸ் கணினியில் கோப்பின் பெயரில் சாய்கோடு, முக்காற்புள்ளி, உடுக்குறி, வினாக்குறி முதலியவற்றை இட இயலாது. ஆகையால் ஒரு பணியாளர் சாய்கோட்டுக்குப் பதில் இடைக்கோடு இடுகிறார்; மற்றொருவர் அடிக்கோடு இடுகிறார்; வேறொருவர் ஒன்றுமே இடாமல் 452 என்று சேர்த்து எழுதிவிடுகிறார். மூன்றாமவர் செய்வது ஆபத்தானது என்பதை முதலிலேயே பார்த்தோம். அடிக்கோடும் அவ்வளவு நல்லதன்று. இருபுறத்தையும் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடும் இயல்பு பல தேடல்களில் அதற்கு உண்டு. எங்கள் அலுவலகத்தில் இப்போது இடைக்கோடு ஒன்றையே எல்லோரும் இடுவதென்று வைத்துக்கொண்டிருக்கிறோம். பயனாளிகள் பட்டியல்களிலோ புல எண்ணுக்கு ஒரு நிரலும் உட்பிரிவுக்கு ஒரு நிரலுமாகப் பிரித்துவிட்டோம். அறிவிப்புகளைக் கையெழுத்திட்டுப் படமாக ஏற்றும்போது, அதன் கீழேயே பொருளையும் எண்ணையும் நாளையும் சுருக்கமின்றித் தட்டச்சு செய்து சேர்க்கிறோம். ஓர் அறிவிப்புக்கு இதற்காகும் நேரம் மூன்று நிமிடத்திற்கு மேல் இல்லை.